கடல் ஆறளவு சுருங்கிய பராபவ வருஷம்

பராபவ வருஷம் பிறந்த அன்று விடியற்காலையில் கட்டுமரம் தள்ளப் போனவர்கள், கடல் ஆறளவுக்குச் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அலறவில்லை. வழி தப்பிக் கொள்ளிடக் கரைக்கு வந்துவிட்டோமோ என்று ஆளுக்கொரு கை தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துப் பார்த்தார்கள். உப்புக் கரித்தது. அலையும் அடித்தது, ஆனால் விருந்தாளி தூங்குகிற வீட்டில் நடப்பவளைப் போல அடக்கி அடக்கி அடித்தது. நேற்றுவரை வானமும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு கூப்பிடு தொலைவில், இன்னொரு கரை இருந்தது. அந்தக் கரையில் ஓட்டு வீடுகள் இருந்தன, ஒரு ஆள் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான், அவனும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

எங்கள் பரவைத்துறை தஞ்சாவூர் நாயக்கர் சீமையில், நாகப்பட்டினத்துக்கு வடக்கே, மீனும் உப்பும் தவிர வேறு பேர் எடுக்காத ஊர். வெள்ளைக்காரர் கணக்கில் அது ஆயிரத்து அறுநூற்று அறுபத்தாறாம் வருஷம் என்று பிற்பாடு சொன்னார்கள். தெற்கே உப்பளத்தைத் தாண்டிப் போனால் கடல் பழையபடி அகலமாகவே இருந்தது. எங்கள் ஊருக்கு முன்னால் மட்டும், ஏதோ எங்களுக்குக் காட்டவேண்டியது இருப்பதைப் போல, உலகம் நெருங்கி வந்து நின்றது.

நின்ற கரை அப்படியே நிற்கவுமில்லை. சில கரைகள் உலை கொதிப்பதற்குள் போய்விடும், சில கரைகள் பௌர்ணமி வந்து தேயும்வரை இருக்கும். போகப் போகிற கரை முதலில் வெளுக்கும். வண்ணான் கல்லில் அடித்த சேலையைப் போல மரம் வெளுக்கும், வீடு வெளுக்கும், ஆள் வெளுப்பான், பிறகு தண்ணீர்மேல் ஒரு புகை எழும், புகை அடங்கினால் வேறு மரம், வேறு வீடு, வேறு ஆள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், அக்கரை ஒருநாள் பச்சையாகவும் ஒருநாள் மணலாகவும் ஒருநாள் பாறையாகவும் இருந்தது. முதல் வாரம் பெண்கள் கும்பிட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருத்தியைக் கண்டால் இன்னொருத்தி, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில், "இன்னிக்கு அக்கரை என்ன ஊரு?" என்றும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஒரே ஆள்தான் இருந்தார். காதர் மீரா மாலுமி, ஜித்தாவுக்கும் மலாக்காவுக்கும் போய்வந்து ஒரு கண்ணைக் கடலுக்குக் கொடுத்தவர். மிச்சமிருந்த கண்ணைச் சுருக்கி அக்கரையின் பாய்மரத்தையும் தலைப்பாகையையும் பார்ப்பார், ஒரு குரல் கொடுப்பார், வருகிற பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு, "இது அரபி பேசுற ஊரு", "இது சீனத்தான் ஊரு", "இது அல்லாவுக்குத்தான் தெரியும்" என்பார். நாயக்கருடைய சுங்க அதிகாரி ஒருவர் பல்லக்கில் வந்து, உலகத்துக்கே சுங்கம் வாங்குவதென்று கரையில் ஒரு கொட்டகை போட்டார். கொடுக்க யாரும் வராததால் கொட்டகை நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார், பிறகு பெண்டாட்டியை வரவழைத்தார், பிறகு மாமியாரும் வந்தாள்.

வைகாசியில் வந்த ஒரு கரையில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிண்ணம் கிண்ணமாய்ப் பூ. சிவப்பு ஒரு பாத்தி, மஞ்சள் ஒரு பாத்தி, பூசாரியும் இல்லை, கோயிலும் இல்லை, இவ்வளவு பூ யாருக்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை. வலைக்காரன் சோணை, கலியாணமாகாதவன், "ஒண்ணே ஒண்ணு பறிச்சுட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு நீந்திப் போனான். பறித்தான். எங்களைப் பார்த்துத் தூக்கிக் காட்டினான். காட்டிய கை வெளுத்தது. அவனுடைய ஆத்தாள் மணலில் புரண்டு அழுததைப் பார்த்த பிறகு, ஊர்ப் பெரியவர் தில்லைக்கண்ணு நாட்டார் கூட்டம் போட்டுச் சொன்னார்: "கரையோரமா மீன் புடிங்க. குறுக்கே ஒருத்தனும் போகக்கூடாது. போனா அந்தக் கரையோட போயிருவான். ஊருக்கு ஆள் வேணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டாமல் நின்றவள் செம்பாயி ஒருத்திதான்.

செம்பாயி கடற்கரைப் பெண் அல்ல. மேற்கே, மாயூரத்துப் பக்கம் நெல் விளைகிற பொன்னிநல்லூர். சார்வரி வருஷப் பஞ்சத்தில் வயல் வெடித்து, எலி வளையைத் தோண்டி நெல் பொறுக்கித் தின்றது போய், எலியையே தின்றது போய், சனங்கள் கடலைப் பார்த்து நடந்தார்கள். கடற்கரையில் வெள்ளைக்காரர் கப்பல்கள் நின்றன. கப்பலில் ஏறுகிறவனுக்கு ஒரு சிப்பம் அரிசி, அதைக் கரையில் நிற்கிற அவன் குடும்பம் வாங்கிக்கொள்ளலாம், ஏறினவன் எங்கே போவான் என்று கேட்கக்கூடாது. செம்பாயியின் மடியில் கைக்குழந்தை. பால் வற்றிப் போயிருந்தது. அவள் புருஷன் குழந்தையின் உள்ளங்காலை ஒருதரம் மோந்து பார்த்தான், வரிசையில் போய் நின்றான். அரிசி வந்தது. அந்த அரிசியைக் கஞ்சியாக்கி, கஞ்சியை நீராக்கி, நீரைத் துணியில் நனைத்துப் புகட்டிக் காப்பாற்றிய குழந்தைக்கு அவள் அன்னம் என்று பேர் வைத்தாள். ஊருக்குத் திரும்பவில்லை. போன கப்பல் வந்தால் இந்த வழியாகத்தான் வரவேண்டும் என்று பரவைத்துறையிலேயே குடிசை போட்டு, மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்று, ஆறு வருஷமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கடலே அவளைப் பார்க்க வந்திருந்தது.

ஆனால் ஒரு சங்கடம். ஒவ்வொரு கரையிலும் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும், கூப்பிடப் பேர் சொல்லவேண்டும். புருஷன் பேரை எந்தப் பெண் சொல்லுவாள்? சொன்னால் அவன் ஆயுசு குறையும். "அன்னத்துக்கு அப்பா!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் போனபோது குழந்தைக்குப் பேரே வைத்திருக்கவில்லை, அவனுக்கு எப்படித் தெரியும்? அன்னத்தை விட்டு "அப்பா!" என்று கத்தச் சொன்னாள். எந்த மொழி பேசுகிற கரையானாலும் நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் பக்கத்துக் குடிசை முத்தாண்டியிடம் போனாள். புயல் நாளில் கடலில் இருப்பவர்களைக் கரைக்குக் கூப்பிடுவது அவன்தான், அவ்வளவு பெரிய தொண்டை.

"அண்ணே, அவுக பேரைக் கொஞ்சம் கூப்பிட்டுக் குடுக்கணும்."

"பேரு என்ன தங்கச்சி?"

செம்பாயி தலையில் கையை வைத்துக் கூந்தலைப் பிரித்து முறுக்கிக் காட்டினாள். அன்னம்தான் சொன்னது: "சடை. சடையன்."

அன்றிலிருந்து புதுக் கரை வரும்போதெல்லாம் முத்தாண்டி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் வாயோரம் குவித்து, "ஏ... சடையா... பொன்னிநல்லூர்ச் சடையா..." என்று கூப்பிட்டான். அந்த வருஷம் உலகத்தின் எத்தனையோ கரைகளில், எத்தனையோ பாஷைக்காரர்கள், தங்களுக்கு எதிரே தண்ணீருக்கு அப்பாலிருந்து வந்த அந்தப் பேரைக் கேட்டிருப்பார்கள். மழைக்கான மந்திரமென்று நினைத்தார்களோ, பறவையென்று நினைத்தார்களோ.

ஆனி மாதம் அக்கரையே வரவில்லை. கப்பல்கள்தான் கரையாக நின்றன. முனையிலிருந்து முனைவரை கப்பல், ஒன்றை ஒன்று பார்த்துப் பீரங்கி வெடித்தன. வெடித்த அதிர்ச்சியில் எங்கள் ஊர்ப் பானைகள் விரிசல் விட்டன, கோழிகள் முட்டையிட மறந்தன. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே சிவப்பு, ஒரே செம்பட்டைத் தலை. கொடி மட்டும் வேறு.

"அண்ணன் தம்பி மாதிரி இருக்காங்க. எதுக்கு அடிச்சுக்கிறாங்க?" என்று நாட்டார் கேட்டார்.

"கிராம்பு, சாதிக்காய். அந்த யாவாரம் யாருக்குன்னு சண்டை" என்றார் காதர் மீரா மாலுமி.

"கறியில போடுற சாதிக்காய்க்கா?"

"ஆமா."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா செட்டியார் கடையில ஒரு படி வாங்கிக் குடுத்திருப்போமே" என்றார் நாட்டார், உண்மையான வருத்தத்தோடு. செத்தவர்கள் எங்கள் பக்கம் ஒதுங்கினார்கள். எந்தக் கொடிக்காரன் என்று பார்க்காமல் தென்னந்தோப்புக்குப் பின்னால் புதைத்தோம். அவர்களுக்கு அழ ஆளில்லையே என்று எங்கள் பெண்கள் முறை வைத்து ஒப்பாரி சொன்னார்கள். பேர் தெரியாததால் "பொன்னு முடிக்காரா" என்று வைத்துப் பாடினார்கள்.

ஆடியில் வந்த கரை அமைதியாக இருந்தது. மலைச்சரிவில் வெள்ளை வீடுகள். தண்ணீரோரம் முழுக்கச் சனங்கள், நல்ல துணி உடுத்தி, மூட்டை கட்டி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலும் உட்கார்ந்திருந்தார்கள், மாலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மாலுமி விசாரித்துச் சொன்னார், அது துருக்கி சுல்தான் நாட்டில் ஒரு துறை, இவர்கள் யூதர்கள், இவர்களுக்கு ஒரு ராஜா வந்துவிட்டாராம், மேகத்தில் ஏற்றிச் சொந்த நாட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறாராம், கடையை விற்று வீட்டை விற்றுக் காத்திருக்கிறார்களாம். எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. செம்பாயி தினமும் கருவாட்டைக் காயப் போட்டுவிட்டு அவர்களுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர்களில் ஒருத்தி, பச்சை முக்காடு போட்டவள், இவளைப் பார்த்துக் கை அசைப்பாள். இவளும் அசைப்பாள். இரண்டு பேருக்கும் அதற்குமேல் ஒரு பாஷை வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் அக்கரையில் ஏதோ செய்தி வந்தது. ராஜா மனசு மாறிவிட்டாராம், மதம் மாறிவிட்டாராம். சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்கள். பச்சை முக்காட்டுக்காரி மட்டும் கரை வெளுக்கும்வரை மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தாள். அன்று செம்பாயி வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஆவணி முடிகிற சமயத்தில் நெருப்புக் கரை வந்தது. மரத்தால் கட்டிய பெரிய பட்டணம், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த வீடுகள், எல்லாம் எரிந்தன. கோபுரங்களிலிருந்து ஈயம் உருகி ஓடியது. அது லண்டன் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. எரிகிற ஊர் என்றுதான் தெரியும். எரிந்த காகிதம் காற்றில் ஏறி, எங்கள் கருவாட்டின்மேல் கறுப்பு மழையாக இறங்கியது. பெண்கள் முதலில் திட்டினார்கள். பிறகு ஒருத்தி குடத்தை எடுத்தாள். எல்லோரும் எடுத்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கடலை மொண்டு கடலின்மேல் அந்தப் பக்கமாக வீசினார்கள், ஒரு சொட்டுப் போய்ச் சேராது என்று தெரிந்தே, தோள் கழன்று போகும்வரை வீசினார்கள். அக்கரைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு படகில் ஏறிப் பாதித் தண்ணீர்வரை வந்து மிதந்தார்கள். நாட்டார் சொன்ன தடையை மீறாமல், இந்தப் பாதியின் ஓரம்வரை போய் நாங்கள் இளநீரை உருட்டிவிட்டோம். அவர்களுக்கு அதை வெட்டத் தெரியவில்லை. தலையில்லாத பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

மார்கழியில் கடல் உறைந்த ஒரு கரை வந்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் கல்லாகியிருந்தது, சனங்கள் அதன்மேல் காலில் இரும்பு கட்டிச் சறுக்கினார்கள். சறுக்கினவர்களில் ஒருவன், கம்பளிக்குள் உருண்டையாக இருந்தவன், நின்று, தொப்பியைக் கழற்றினான். சோணை.

"ஆத்தா! நல்லா இருக்கேன்!"

"வந்துர்றா!" என்று அவள் கத்தினாள்.

"கஞ்சி கிடைக்கல, மத்தபடி சொகம்! இவதான் உன் மருமக!" பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெண், அவள் வயிறு மேடிட்டிருந்தது, கை கூப்பச் சொல்லிக் கொடுத்திருந்தான்போல, கூப்பினாள். ஆத்தாள் அழுதாள், சிரித்தாள், மருமகள் நிறத்தைப் பற்றி மிச்ச வருஷம் முழுக்கப் பேசினாள்.

அதனால்தான் எங்களுக்கு அந்த வருஷத்தை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. பயமும் இருந்தது, சாவும் இருந்தது. ஆனாலும் உலகத்தில் எது நடந்தாலும் அது எங்கள் வாசலுக்கு எதிர் வாசலில் நடந்தது. எந்த ஊர்க்காரன் அழுதாலும் கேட்டது.

தை பிறந்து, அறுப்பு முடிந்த சமயம், ஒருநாள் பகலில் புகை விலகியபோது முதலில் வாசனைதான் வந்தது. பிரியாணி தம் உடைத்ததைப் போல, கல்யாண வீட்டுத் தாம்பூலத்தைப் போல. பிறகு தீவு தெரிந்தது. மலை, மலை முழுக்க இருண்ட பச்சை மரம், மரத்தடியில் கூடையும் கழியுமாக ஆட்கள். காதர் மீரா மாலுமி மூச்சை இழுத்தார். "சாதிக்காய்த் தீவு" என்றார். அரிசிக்குக் கப்பல் ஏறினவர்களை எங்கே இறக்கினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைச் செம்பாயி அவர் முகத்தில் பார்த்துவிட்டாள்.

முத்தாண்டி தண்ணீரில் இறங்கினான். "ஏ... சடையா... பொன்னிநல்லூர்ச் சடையா..."

கூடைகள் நின்றன. பிறகு ஒரு ஒல்லியான ஆள் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்து, தண்ணீரோரம் நின்று, பல வருஷம் பூட்டிக் கிடந்த கதவைத் திறப்பதைப் போலத் தமிழில் கேட்டான்.

"எந்தச் சடையன்? இடது புருவத்துல வெட்டு இருக்குமே, அவனா?"

செம்பாயியின் கை தன்னாலே இடது புருவத்துக்குப் போனது. "அவுகதான்! அவுகதான்னு சொல்லுங்கண்ணே!"

"அவன்தான்!" என்றான் முத்தாண்டி.

அந்த ஆள் கூடையைக் கீழே வைத்தான். "அவன் போயிட்டானேய்யா. போன மழைக்கு முந்தின மழையில. காய்ச்சல். நான்தான் புதைச்சேன்."

ஊரே கரையில் நின்றது. ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அப்போது செம்பாயி அதுவரை செய்யாததைச் செய்தாள். தண்ணீரில் இறங்கி, இனி அந்தப் பேரால் குறைவதற்கு ஒரு ஆயுசும் இல்லையென்று தெரிந்தவளாக, வாயைத் திறந்து, "சடையா!" என்று கூப்பிட்டாள். ஒரே தடவைதான். முத்தாண்டியின் குரல் போகாத இடத்துக்கெல்லாம் அந்தக் குரல் போனது. தீவின் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அதைக் கேட்டு மலையிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஒருவன், இருவர், பிறகு கூட்டமாக. "தமிழா பேசுறீங்க?" "அது எந்த ஊரு?" "கும்பகோணம் பக்கமா?" "எங்க அம்மா இருக்காளா?" எல்லோரும் சார்வரி வருஷத்தில் அரிசிக்கு ஏறினவர்கள். வயல்காட்டுச் சனங்கள், நீச்சல் தெரியாதவர்கள். முழங்கால்வரை இறங்கி நின்றார்கள், அதற்குமேல் வரத் தெரியாமல், எங்களைப் பார்த்தார்கள். மலைமேல் எங்கோ கண்காணிகள் மணி அடிக்கத் தொடங்கினார்கள்.

நாட்டார் கோலைக் குறுக்கே நீட்டினார். "கரை எப்ப வெளுக்கும்னு தெரியாது. போறவன் அடிமையா அங்கேயே கிடப்பான். நான் யார் வீட்டுப் பிள்ளையை அனுப்புறது? செம்பாயி, உன் புருஷன் இருந்திருந்தாலாவது..."

"இருந்திருந்தா விட்டிருப்பீங்களா கட்டுமரத்தை?"

நாட்டார் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "விட்டிருப்பேன்."

"அப்ப அவுகளுக்கு விட்டதா நெனைச்சுக்குங்க. அத்தனை பேரும் அவுகதான்" என்றாள் செம்பாயி. சொல்லிவிட்டு அருகில் கிடந்த கட்டுமரத்தைத் தள்ளினாள். வயல்காட்டுப் பெண்ணுக்கு மரம் தள்ளத் தெரியாது. மண்ணில் புதைந்து, நெஞ்சு மரத்தில் மோதி, மறுபடியும் தள்ளினாள். முத்தாண்டி வந்து மறுமுனையைப் பிடித்தான். பிறகு சோணையின் ஆத்தாள் வந்து கை கொடுத்தாள். போனவன் கதி என்ன என்று ஊரில் அவளைவிடத் தெரிந்தவள் யார்? அவள் கை வைத்ததும் நாட்டார் கோலைக் கீழே போட்டார், தன் மரத்தின் கயிற்றைத் தானே அவிழ்த்தார்.

அன்று பரவைத்துறையில் கரையில் நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. சுங்க அதிகாரி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி ஒரு துடுப்பைப் பிடித்தார். அந்தக் கரைக்குப் போய், மரத்துக்கு ஐந்தாறு பேராகப் படுக்க வைத்து, இந்தக் கரையில் கொண்டுவந்து கொட்டி, மறுபடியும் போனார்கள். கண்காணிகளின் துப்பாக்கி வெடித்தது, தண்ணீரில் குண்டு விழுந்த இடமெல்லாம் மீன் துள்ளியது. செம்பாயி போன மரம் கடைசியாகத் திரும்பியபோது மலையுச்சி வெளுக்கத் தொடங்கியிருந்தது. "இன்னும் ஆள் இருக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு!" என்று மரத்தில் கிடந்தவர்கள் கத்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது ஒரு பெண், வளையல் இல்லாத கையை நீட்டியபடி, கழுத்தளவு தண்ணீரில் வந்துகொண்டிருந்தாள். முத்தாண்டி மரத்தைத் திருப்பினான். மரம் அவளிடம் போய்ச் சேருமுன் அவள் கை வெளுத்தது, முகம் வெளுத்தது, புகை எழுந்தது. முத்தாண்டி நீட்டிய துடுப்பு காற்றில் நின்றது. அந்தப் பெண் யார் மகள் என்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் ஊரில் தினமும் முதல் மீன் பிடிக்கிறவன், அவளுக்கென்று ஒரு மீனைக் கடலிலேயே திரும்ப விடுவது அன்று தொடங்கிய வழக்கம்.

வந்தவர்களை ஊர் பங்கிட்டுக்கொண்டது. உறவு முறை தெரியாததால் அன்றே முறை வைத்தோம். நீ எனக்கு மச்சான், நீ எனக்குச் சித்தி. சாதி என்ன என்று ஒருவர் கேட்கத் தொடங்கியபோது, "கப்பல்ல ஏறின சாதி" என்று காதர் மீரா மாலுமி முடித்து வைத்தார். சிலர் மேற்கே தங்கள் ஊர் தேடிப் போனார்கள். சிலர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். சடையனைப் புதைத்த ஒல்லி ஆள், கூத்தன் என்று பேர், எங்கும் போகவில்லை. அவனுக்குத் தேடிப் போக ஆளில்லை. செம்பாயி தன் குடிசைக்குப் பக்கத்தில் கீற்றுச் சார்ப்பு ஒன்று இறக்கிக் கொடுத்தாள். அவன் பேசமாட்டான். கருவாடு கொத்த வரும் காக்கையை விரட்டுவான், வைத்த சோற்றைச் சாப்பிடுவான், அவ்வளவுதான்.

பங்குனிக் கடைசியில் வந்தது ஒரு வெள்ளைக்கல் பட்டணம், மதில் சூழ்ந்து, மணிக்கூண்டோடு, பார்க்கப் பார்க்க அழகாக. அதுதான் கடைசிக் கரை. அன்று காலையில் அதன் மணிகள் ஆள் இல்லாமல் தாமாகவே அடித்தன, மதில் நடுங்கியது, மலை உதறிக்கொண்டது, நாங்கள் கண் மூடித் திறப்பதற்குள் அந்தப் பட்டணம் புழுதியானது. நடுவிலிருந்த தண்ணீர் வற்றி அடிமணல் தெரிந்தது, மீன்கள் வாய் பிளந்தன. "மேட்டுக்கு ஓடுங்க!" என்று நாட்டார் கத்தினார். ஓடினோம். தண்ணீர் திரும்ப வந்தது, வந்துகொண்டே இருந்தது, குடிசைகளின் கால்வரை வந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் கடல் பழைய கடலாக, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே வானத்தைத் தவிர ஒன்றுமில்லாமல், அகலமாகக் கிடந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குக் காது மந்தமாகிவிட்டதைப் போல இருந்தது. காலையில் எழுந்து, "இன்னிக்கு அக்கரை என்ன ஊரு?" என்று கேட்க வாயெடுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். சுங்க அதிகாரி கொட்டகையைப் பிரிக்காமல் போனார். சோணையின் ஆத்தாள் பேரனுக்கென்று அரைஞாண் கயிறு பின்னி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், போகிற கப்பலுக்கெல்லாம் ஒன்று கொடுத்தனுப்பினாள்.

செம்பாயி அழவே இல்லை. தாலியைக் கழற்றவும் இல்லை, பூ வைக்கவும் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மீன் அறுத்தாள்.

வைகாசி வெயிலில் ஒருநாள், கூத்தன் சார்ப்புக்குப் புதுக் கீற்று வேய்ந்துகொண்டிருந்தான். அன்னம் கீழே நின்று ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆறேழு வயது, வாய் ஓயாது.

"மாமா, எங்கப்பா எம்மாம் ஒசரம்?"

அவன் இறங்கி, வாசல் காலில் கையை வைத்துக் காட்டினான்.

"எப்படி நடப்பாரு?"

கொஞ்சம் யோசித்து, தோளை ஒருபக்கம் சாய்த்து, சேற்று வயலில் வரப்புமேல் நடப்பதைப் போல வாசலில் நடந்து காட்டினான்.

"பேசினா?"

"அதிகம் பேசமாட்டான். ராத்திரியில மட்டும் பேசுவான். உன் உள்ளங்கால் வாசத்தைப் பத்திப் பேசுவான். பச்சை நெல்லு மாதிரி இருந்துச்சும்பான்."

அன்னம் குனிந்து தன் காலைத் தூக்கி மோந்து பார்த்தாள். மீன் வாசம்தான் வந்தது. முகத்தைச் சுளித்தாள். பிறகு கேட்டாள்: "சிரிச்சா?"

கூத்தன் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தான். ஆறு வருஷமாக அவன் சிரித்ததில்லை. தன்னுடைய சிரிப்பே எப்படியிருக்கும் என்று மறந்தவன், செத்தவனுடைய சிரிப்பை எங்கிருந்து எடுப்பான்? ஆனால் பிள்ளை கேட்டுவிட்டது. அவன் வாயைத் திறந்தான், இருமல்தான் வந்தது. மறுபடியும் முயன்றான், காற்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சாதிக்காய் மரத்தடியில், மழையில், ஒரு கூடைக்கு அடியில் இரண்டு பேர் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தை நினைத்துக்கொண்டான்போல. அடிவயிற்றிலிருந்து குமிழ் குமிழாய்க் கிளம்பி, மூக்கில் ஒரு முறை தட்டி, கடைசியில் பானையில் தண்ணீர் நிரம்புவதைப் போல உயர்ந்து முடிகிற ஒரு சிரிப்பு வாசலில் எழுந்தது. அன்னத்துக்குத் தாங்கவில்லை, அவளும் சிரித்தாள்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த செம்பாயியின் முறம் நின்றது. அவள் கை, வீட்டுக்காரன் வாசலுக்கு வந்துவிட்டால் செய்வதைப் போல, அவிழ்ந்து கிடந்த கூந்தலை வாரி முடிந்தது. முடிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து கதவோரம் வந்தாள், வெளியே வரவில்லை, எட்டியும் பார்க்கவில்லை. சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து, அந்த வருஷம் முழுக்க எந்தக் கரையைப் பார்த்தும் வராத தண்ணீர் வந்தது.

"இன்னொரு வாட்டி" என்றாள்.